உப்பின் மேல் போட்ட பழி

குழந்தை பிறந்த மறுநாள் அதற்கு உப்பு தடவ வேண்டும். தடவாவிட்டால் வளர்ந்த பிறகு வியர்வை நாறும், புத்தி சப்பென்று இருக்கும், பெண்ணாயிருந்தால் மாப்பிள்ளை கிடைக்க மாட்டான். இது எங்கள் ஊர்ச் சட்டம். ராஜா போட்ட சட்டத்தை மீறியவர்கள் உண்டு, இதை மீறியவர்கள் இல்லை. எவனாவது நாலு பேர் நடுவில் கோணலாகப் பேசினால், "இவனுக்கு உப்பு தடவாம விட்டுட்டாங்கடா" என்றுதான் இன்றைக்கும் சிரிக்கிறோம்.

இரண்டாவது பெரிய யுத்தம் முடிந்த மறுவருஷக் கோடையில் ஸ்டோய்னாவின் மகன் நைடெனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஸ்டோய்னா சும்மா இருப்பாளா? கல்லுப்பை உரலில் மாவாக இடித்து, சலித்து, பேத்தியின் உடம்பெல்லாம் தன் கையாலேயே தடவினாள். குழந்தை வீல் வீலென்று கத்தியது. பெற்றவள் கெர்கினா கட்டிலில் கிடந்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

"கத்தட்டும் விடு. உன் புருஷன் இதைவிடக் கத்தினான். இப்ப பாரு, வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி இருக்கான்," என்றாள் ஸ்டோய்னா. பார்க்க வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் குழந்தையின் இரண்டு இமைகளும் பழுத்த பிளம்ஸ் மாதிரி வீங்கியிருந்தன. மத்தியானத்துக்குள் இமையிடுக்கில் மஞ்சளாகச் சீழ் கட்டிவிட்டது.

"ஐயோ, உப்பு கண்ணுக்குள்ள போயிருச்சே! பாவி நான், என் கை கனத்த கை!" என்று ஸ்டோய்னா தலையில் அடித்துக்கொண்டாள். சீமைச் சாமந்திக் கஷாயம் வைத்துக் கண்ணைக் கழுவினாள். தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சச் சொன்னாள். வெளிச்சம் படக்கூடாதென்று துணியை மடித்து இறுக்கிக் கட்டினாள். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

நைடென் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தான். ஹங்கேரிப் போர்முனையிலிருந்து திரும்பி வந்து, அறுவடை முடிந்த கையோடு கெர்கினாவைக் கட்டியவன். குழந்தை பிறந்த அன்று ஊருக்கே ராக்கியாச் சாராயம் ஊற்றியவன். இன்றைக்கு உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. "உப்புதான். ரெண்டு நாள்ல சரியாயிடும்," என்று சொல்லிவிட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். குதிரைக்கு அப்போதுதான் தண்ணீர் காட்டியிருந்தான்.

மறுநாள் மித்ரா வந்தாள். தெருக்கோடி வீட்டு விதவை. அவள் மகன் வெல்கோவை எங்கள் வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. இரண்டு கண்ணும் இல்லாதவன், உட்கார்ந்த இடத்தில் கூடை முடைகிறவன், முப்பதை எட்டப் போகிறான். அந்த வீட்டில் மாமியார் இல்லாததால் மித்ராவே அவனுக்கு உப்பு தடவினாள் என்றும், பெற்ற கையே பிள்ளையின் கண்ணை அவித்தது என்றும் ஊர் பேசும். அவள் காதுபடவே பேசும். எங்கள் ஊருக்கு வாய் நீளம்.

மித்ரா கட்டை அவிழ்த்தாள். துணியோடு சீழ் கொழகொழவென்று வழிந்தது. அவள் முகம் சுண்டிப் போயிற்று.

"என் வெல்கோவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நானும் கட்டித்தான் வச்சேன். சரியாயிடும், சரியாயிடும்னு காத்திருந்தேன். அவிழ்த்துப் பார்த்தப்போ கண்ணு ரெண்டும் வேகவச்ச முட்டை மாதிரி வெள்ளையா இருந்துச்சு."

"வாயைக் கழுவுடி மித்ரா! பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுல பேசுற பேச்சா இது?" என்று ஸ்டோய்னா சீறினாள்.

"நான் வாயைக் கழுவுறேன். நீ நகரத்துக்குப் போய் டாக்டர்கிட்ட காட்டு. நான் போகல. அதைத்தான் இன்னிக்கு வரைக்கும் நினைச்சு நினைச்சுச் சாகுறேன்."

மித்ரா போன பிறகு கெர்கினா எழுந்து உட்கார்ந்தாள். "அத்தை, போன வருஷம் உங்க கண்ணுல மிளகாய்த்தூள் விழுந்துச்சே. மறுநாள் எப்படி இருந்துச்சு?"

"குறைஞ்சுதான் இருந்துச்சு."

"அப்ப உப்பும் குறையத்தானே செய்யணும்? இது ஏன் நாளுக்கு நாள் ஏறுது?"

கெர்கினா காலுறையை மாட்ட ஆரம்பித்தாள். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆலங்கட்டி மழை விழுந்து விளைச்சல் போகும் என்பது எங்கள் ஊரின் இன்னொரு சட்டம். எங்களுக்குச் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை.

"நைடென், வண்டியைப் பூட்டு," என்றாள் அவள்.

அவன் கொட்டிலிலிருந்தே குரல் கொடுத்தான். "குதிரைக்கு லாடம் கழன்று கிடக்கு. நாளன்னிக்குப் பார்ப்போம். உப்புதானே?"

"அப்ப நான் நடந்தே போறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். பிள்ளை பெற்ற உடம்பு, முற்றத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்து நின்றாள். ஸ்டோய்னா அதைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த முன்கட்டுத் துணியை உருவி எறிந்துவிட்டு, தானே போய்க் குதிரையைப் பிடித்து வண்டியில் பூட்டினாள். பூட்டும்போது குனிந்து குளம்புகளைப் பார்த்தாள். நாலு காலிலும் லாடம் கல்லு மாதிரி இருந்தது. மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கெர்கினாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடிவாளத்தை இழுத்தாள்.

ஊர் நடுவில் கல் ஊற்றடியில் குடத்தோடு நின்ற பெண்கள் வாயைப் பிளந்தார்கள். "ஏ ஸ்டோய்னா! நாப்பது நாள் ஆகாதவளை எங்க கூட்டிட்டுப் போறே? ஆலங்கட்டி விழுந்தா யாரு பொறுப்பு?"

"விழுந்தா உன் மண்டையில விழட்டும்! அங்கதான் ஒண்ணும் விளையலையே, நஷ்டமில்லை!" என்று கத்திவிட்டு ஸ்டோய்னா குதிரையைத் தட்டிவிட்டாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் பஸ்கலேவ் ஒருவர்தான் இருந்தார். தூக்கம் கெட்ட முகம், கத்தரி மாதிரி நாக்கு. குழந்தையை மேஜையில் கிடத்தி, "தள்ளி நில்லும்மா. சீழ் தெறிச்சா உன் கண்ணும் போயிடும்," என்று அதட்டிவிட்டு இமையை மெதுவாக விலக்கினார். பிதுங்கி வந்த சீழில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக்கொண்டார்.

"நான்தான் டாக்டரய்யா, என் கைதான். உப்பைக் கண்ணுல போட்டுட்டேன்," என்று ஸ்டோய்னா அழுதாள்.

"உப்புக்கு எரியும், சிவக்கும். இப்படிச் சீழ் ஊத்தாது. போய் வெந்நீர் கேட்டு வாங்கிட்டு வா. அழுகையை வெளியிலயே விட்டுட்டு வா."

கண்ணாடித் துண்டைச் சாயத்தில் தோய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்து அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, ஸ்டோய்னா திரும்பி வருவதற்குள் கதவைச் சாத்தினார்.

"உன் புருஷன் பட்டாளத்துல இருந்தானா?"

"ஹங்கேரியில இருந்தான்."

"ம். நேராச் சொல்லிடறேன். இது வெட்டை நோய். ஆம்பளை வெளியில போய் வாங்கிட்டு வந்து பொண்டாட்டிக்குக் கொடுப்பான். பிரசவத்துல பிள்ளை அந்த வழியா வரும்போது கண்ணுல ஒட்டிக்கும். இங்க வந்து பெத்திருந்தா பிறந்த கையோட வெள்ளி மருந்து ஒரு சொட்டு விட்டிருப்போம், இது வந்தே இருக்காது."

கெர்கினாவுக்குக் காது அடைத்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியலையே. ஒரு வலிகூட இல்லையே!"

"பொம்பளைங்களுக்குப் பல சமயம் தெரியாது. அதுதான் இதோட சூது."

கொட்டிலிலிருந்து வந்த குரலும், கழலாத லாடமும், வாசற்படியைத் தாண்டாத காலும் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன. அவன் தெரிந்தே இருந்திருக்கிறான். பெற்ற தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுததையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். அவள் கதவைப் பார்த்துத் திரும்பினாள். "அவனை நான்..."

"அவனைக் கிழிக்க வருஷக் கணக்கா நேரம் இருக்கு. கண்ணுக்கு இல்ல," என்றார் டாக்டர். "வலது பரவாயில்ல. இடது கருவிழி ஓரத்துல மங்கிட்டு வருது. அங்க ஓட்டை விழுந்துட்டா ஆண்டவனே வந்தாலும் ஒட்டுப்போட முடியாது."

"என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க."

அவர் அலமாரியைத் திறந்து சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்தார். அடியில் மஞ்சள் பொடி கொஞ்சம் இருந்தது. "பென்சிலின். இப்பத்தான் இந்தப் பக்கம் வர ஆரம்பிச்சிருக்கு, அதுவும் பிச்சை போட்ட மாதிரி. தொடையில ஊசி நான் போடுறேன். கண்ணுக்கு இதைத் தண்ணியில கரைச்சுச் சொட்டு விடணும். இது ஒரு தடவை விட்டுட்டுத் தூங்குற மருந்து இல்ல, கண்ணீரோட வழிஞ்சு போயிடும். சீழைத் துடைக்கணும், விடணும், மறுபடி துடைக்கணும், விடணும். சீழ் அடங்குற வரைக்கும் நிமிஷத்துக்கு ஒரு தடவை. எனக்கு இருக்கிறது ஒரே நர்ஸ், டைபாய்டு வார்டு பூரா அவ தலையில. அதான் யோசிக்கிறேன், யாரு விடுறதுன்னு."

"நான் விடுறேன்."

"பிள்ளை பெத்த உடம்பு. களைச்சு விழுந்துடுவே."

"களைக்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம். எப்படி விடணும்னு காட்டுங்க."

காட்டினார். மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். நல்ல கண்ணை முதலில். ஒரு தடவை துடைத்த பஞ்சு நெருப்புக்கு. இமையை அழுத்தாமல், கீழ்மடலை மட்டும் இழுத்து, உள்ளே ஒரு சொட்டு. மிச்ச மருந்துள்ள குப்பி கிணற்றடி நிழலில் குளிர்ந்த தண்ணீரில் இருக்க வேண்டும், சூடு பட்டால் மருந்து செத்துவிடும்.

நிமிஷத்தை எப்படித் தெரிந்துகொள்வது? சுவர்க் கடிகாரம் யுத்தத்தில் நின்றது, நின்றதுதான்; டாக்டரிடம் இருந்த ஒரே கடிகாரம் அவரோடு வார்டு சுற்ற வேண்டும். ஸ்டோய்னா தன் பையிலிருந்து பாதி பின்னிய கம்பளிக் காலுறையை எடுத்தாள். எங்கள் ஊர்ப் பெண் சாவு வீட்டுக்குப் போனாலும் பின்னல் இல்லாமல் போக மாட்டாள். "ஒரு பின்னல் ஊசியில இருக்கிற கண்ணியெல்லாம் பின்னி முடிக்கிறேன், பாருங்க," என்றாள். டாக்டர் தன் சட்டைப்பைக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார்.

"அட, கிட்டத்தட்ட சரியா இருக்கே. அப்படியே பின்னு. வேகத்தைக் கூட்டாதே, குறைக்காதே."

இப்படித்தான் ஆரம்பித்தது. ஸ்டோய்னா ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னுவாள், ஊசியிலுள்ள கண்ணிகள் தீர்ந்ததும் "போடு" என்பாள். கெர்கினா துடைத்துச் சொட்டு விடுவாள். போடு. போடு. போடு. முதலில், விட்ட மருந்தைச் சீழ் அப்படியே வெளியே தள்ளியது. துடைத்த வேகத்தில் மறுபடி ஊறியது. கெர்கினாவின் முதுகு விண்விண்ணென்று தெறித்தது, பால் கட்டி மார்பு கல்லாயிற்று. குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே விட்டாள். ரொட்டியை மாமியார் ஊட்ட, மென்றபடியே விட்டாள். "வாடி, கண்ணைத் திற. உங்கப்பன் செஞ்சதுக்கு நீ இருட்டுல கிடக்கணுமா? நான் விடமாட்டேன். நீயாச்சு நானாச்சு," என்று முணுமுணுத்தாள்.

"என்ன சொன்னே?" என்று கேட்டாள் ஸ்டோய்னா.

"ஒண்ணுமில்ல அத்தை. பின்னுங்க. இது உங்க உப்பு இல்ல, டாக்டரே சொல்லிட்டாரே."

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றார். நல்ல மனுஷன். நான் போட்டது எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிடலாமா என்று கெர்கினாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். செய்தவன் வாயாலேயே வரட்டும் என்று நினைத்தாள்.

பொழுது சாய்ந்து, விடிந்து, வெயிலும் ஏறிவிட்டது. இடையில் நர்ஸ் வந்து கொஞ்ச நேரம் கை மாற்றிவிட்டாள், மற்றபடி இந்த இரண்டு பெண்கள்தான். பின்னிய காலுறை தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. குதிகாலுக்காகப் பின்னலைத் திருப்ப நின்றால் கணக்குப் பிசகிவிடும் என்று ஸ்டோய்னா நேராகப் பின்னிக்கொண்டே போயிருந்தாள். நாரைக்குத்தான் அதைப் போட முடியும்.

திடீரென்று கெர்கினாவின் கை நின்றது. "அத்தை, பஞ்சைப் பாருங்க."

பஞ்சு ஈரமாக இருந்தது, மஞ்சளாக இல்லை. டாக்டர் வந்து இமையை விலக்கினார். வீக்கம் வடிந்து தோல் சுருங்கியிருந்தது. "ஹா!" என்றார், அவருக்கு அதற்கு மேல் சந்தோஷப்படத் தெரியாது. "வலது முழுசா தப்பிச்சிருச்சு. இடதுல ஓரமா ஒரு வெள்ளைப் புள்ளி நிக்கும். நடுவுல இல்ல, பார்வைக்குக் குறைவில்லை. இனி இடைவெளி விட்டு விடலாம். நிறுத்தக் கூடாது." பிறகு தாழ்ந்த குரலில், "உனக்கும் ஊசி உண்டு. அவனுக்கும் உண்டு. இல்லாட்டி திரும்ப வரும். ஆள் அனுப்பியிருக்கேன்," என்றார்.

நைடென் சாயங்காலம் வந்தான். கோயிலுக்குப் போடும் கோட்டு, கையில் தொப்பி. கதவருகே நின்றான். கெர்கினா தலையைத் திருப்பவில்லை.

"கெர்கினா, நான்..."

"எனக்குச் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். உங்கம்மாகிட்ட சொல்லு."

அவன் தொப்பியை முறுக்கினான். ஸ்டோய்னா பின்னுவதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"அம்மா, உப்பு இல்ல. நான்தான். ஹங்கேரியில வாங்கிட்டு வந்தேன். பட்டாளத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார், வலி போச்சு. மறுபடி வந்து காட்டுன்னார், போகல. போயிடுச்சுன்னு நினைச்சேன். குழந்தை கண்ணைப் பார்த்ததும் தெரிஞ்சுது. அங்க சொல்லித்தான் அனுப்பியிருந்தாங்க, பிள்ளைங்களுக்கு இப்படி வரும்னு. நீ உப்புன்னு சொன்னதும், அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஸ்டோய்னா மகனையே பார்த்தாள். அழவில்லை. "உன்னைப் பெத்த மறுநாள் ஒரு கிண்ணம் உப்பு தேய்ச்சேன்டா நான்," என்றாள். "அத்தனையும் கழுவுன தண்ணியோடயே போயிருச்சே."

அவன் தலை கவிழ்ந்தது. அந்த நேரம் பார்த்து டாக்டர் ஊசியோடு உள்ளே வந்து, "ஆமா ஆமா, அப்புறம் அழலாம். முதல்ல கால்சட்டையை இறக்கு," என்றார்.

சீழ் முழுக்க நின்று, புண் ஆறி, மறுபடி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, "இனி வீட்டுக்குப் போகலாம்" என்று அவர் சொன்ன அன்றைக்குக் காலையில் ஸ்டோய்னா தன் கறுப்பு முக்காட்டைக் குழந்தையின் முகத்துக்கு மேலே இப்படியும் அப்படியும் அசைத்தாள். இரண்டு கண்ணும் மெல்ல மெல்ல அதன் பின்னாலேயே போயின. இடப்பக்கம் போயின. வலப்பக்கம் வந்தன. கெர்கினா அப்போதுதான், அத்தனை நாளில் முதல் தடவையாக, உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

திரும்பும் வழியில் ஸ்டோய்னா வண்டியில் சொன்னாள். "ஊர்ல உப்புன்னே இருக்கட்டும். என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது. உங்க பேரு எதுக்குக் கெடணும்?"

நைடென் குதிரையைப் பார்த்து ஓட்டினான். கெர்கினாவின் முகத்தைப் பார்த்திருந்தால் ஸ்டோய்னா அந்தப் பேச்சை எடுத்திருக்க மாட்டாள்.

கல் ஊற்றடியில் வழக்கம்போலக் கூட்டம். மித்ராவும் வாளியோடு நின்றாள். "என்ன ஸ்டோய்னா, உப்புக்கார அம்மா! கண்ணு தப்பிச்சுதா, இல்ல கூடை முடையச் சொல்லிக் கொடுக்கணுமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தப்பிச்சுது. என் கைதான் பாவம் பண்ணுச்சு, ஆண்டவன் மன்னிச்சுட்டான்," என்று ஸ்டோய்னா வாயெடுத்தாள்.

"இல்ல," என்றாள் கெர்கினா. "வண்டியை நிறுத்து."

குழந்தையோடு எழுந்து நின்றாள். "உப்பு இல்ல. எல்லாரும் கேட்டுக்குங்க. இது வெட்டை நோய். என் புருஷன் யுத்தத்துலேர்ந்து கொண்டு வந்தது, எங்கிட்ட வந்து, என் வயித்து வழியா இவ கண்ணுக்குப் போச்சு. உப்புன்னு சொல்லிக் கட்டிப் போட்டிருந்தா இவ குருடாகியிருப்பா. சிரிக்கணும்னா சிரிங்க. ஆனா நாளைக்கு உங்க வீட்டுல பிள்ளை கண்ணு இப்படி வீங்கினா உப்புன்னு உட்கார்ந்திருக்காதீங்க. அன்னிக்கே வண்டியைப் பூட்டுங்க. மருந்து இருக்கு."

ஒருத்தி "சீ" என்றாள். இன்னொருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். நைடென் வண்டியிலிருந்து இறங்கினான். முகமெல்லாம் இரத்தம் ஏறியிருந்தது. "அவ சொல்றது நிஜம். எங்கம்மா மேல குத்தமில்ல. குத்தம் என்னோடது," என்றான்.

வாளி விழுந்த சத்தம் கேட்டது. மித்ரா வண்டியருகே வந்து நின்றாள். அவள் புருஷனும் முந்தின யுத்தத்திலிருந்து திரும்பி வந்த வருஷம்தான் வெல்கோ பிறந்தான் என்பது அங்கே இருந்த வயதான பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் அதை அந்த நிமிஷம்தான் நினைத்தார்கள்.

மித்ரா குழந்தையின் கண்களைப் பார்த்தாள். குழந்தை அவளைப் பார்த்தது. பிறகு அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, ஏதோ புதுச் சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அப்ப நான் இல்லையா?" என்று கேட்டாள். "கெர்கினா, நிஜமாச் சொல்லு. என் கை இல்லையா?"

"இல்ல சித்தி. உங்க கை இல்ல."

ஸ்டோய்னா வண்டியிலிருந்து இறங்கிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். மித்ரா கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டு, வாளியைக்கூட எடுக்காமல், வெல்கோவிடம் சொல்ல வீட்டுக்கு ஓடினாள்.